முதல் குயில்ட்: 36 சதுரம், ஒரு வேட்டி, ஒரு சேலை

பெங்களூரின் டிசம்பர் இரவில் கம்பளி போர்த்தினால் நடுச்சாமத்தில் வியர்க்கிறது. வெறும் பருத்திப் போர்வை விடியற்காலைக் குளிருக்குப் போதவில்லை. இந்த ஊர்க் குளிருக்கென்றே அளந்து செய்ததுபோல் இருப்பது குயில்ட். மேலே துண்டுத் துணிகளை இணைத்த ஒரு பரப்பு, நடுவே மெல்லிய ஓர் அடுக்கு, கீழே ஒரு முழுத்துணி, மூன்றையும் ஊடுருவி ஓடும் தையல். அதன் அமைப்பு அவ்வளவுதான். அல்சூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் பதினொரு ஆண்டுகளாகத் தைத்துக்கொண்டிருக்கிறேன். வகுப்புக்கு எங்கும் போனதில்லை. ரவிக்கைக்குக் கொக்கி வைத்துத் தைக்கத் தெரிந்த எவராலும் ஒரு குயில்ட்டைத் தைத்து முடிக்க முடியும்.

இங்கே சொல்லப்போவது 36 அங்குலச் சதுரமான ஒரு சிறு குயில்ட். கைக்குழந்தைக்குப் போர்த்தலாம், பெரியவர்கள் மாலையில் மடியில் போட்டுக்கொள்ளலாம். முதல் முயற்சியிலேயே இரட்டைக் கட்டிலுக்கு அளவெடுக்க வேண்டாம். அப்படித் தொடங்கிய இரண்டு குயில்ட்டுகள் பாதியில் நின்று, ஆறு ஆண்டுகளாக என் பீரோவின் மேல்தட்டில் கிடந்தன. சிறியது ஒரு மாதத்தில் முடிந்துவிடும். முடித்த ஒன்றைக் கையில் ஏந்திப் பார்த்தவர்கள் இரண்டாவதற்குத் தாமாகவே துணி தேடத் தொடங்குவார்கள்.

துணி

நான் தைத்த முதல் குயில்ட்டில் மாமியாரின் பழைய சுங்குடிச் சேலைத் துண்டுகளையும், மகனுக்குச் சின்னதாகிவிட்ட ஜீன்ஸ் கால்சட்டையின் துண்டுகளையும் மாற்றி மாற்றி வைத்தேன். பார்க்க மிக அழகாக இருந்தது. நான்காவது சலவையில் சுங்குடிச் சதுரங்கள் தையல் ஓரமாகவே வரிசையாகக் கிழிந்தன. ஜீன்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. தையலில் பிழை இருக்குமோ என்று பிரித்துப் பார்த்தேன். தையல் அப்படியே உறுதியாக இருந்தது. நனைந்த ஜீன்ஸின் எடை முழுவதையும் முப்பது ஆண்டு உடுத்தி நைந்த சேலை தாங்க வேண்டியிருந்திருக்கிறது. வலுவான துணியை நலிந்த துணியோடு தைத்தால் வலுவானது நலிந்ததைக் கிழிக்கும். அன்று முதல் நான் நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னால் எடையைப் பார்க்கிறேன்.

ஆகவே முதல் குயில்ட்டுக்கு ஒரே கனமுள்ள பருத்தித் துணிகள் இரண்டே போதும். ஒன்று வெளிர் நிறம், ஒன்று அடர் நிறம். ஒவ்வொன்றிலும் 18 சதுரம். சதுரங்கப் பலகைபோல் மாற்றி மாற்றி வரும். பருத்திச் சேலை, குர்த்தா, சட்டை, நைட்டி, ரவிக்கைக்கு வாங்கி மிஞ்சிய லைனிங் துணி எல்லாம் ஏற்றவை. பட்டு, ஜார்ஜெட், பனியன் துணி, இழுத்தால் நீளும் எதுவும் இப்போது வேண்டாம்.

பழைய துணியைத் தேர்ந்தெடுக்க மூன்று சோதனைகள் செய்யுங்கள். முதலில் ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடியுங்கள். நைந்த இடங்கள் சல்லடைபோல் தெரியும். அந்த இடங்களைத் தவிர்த்துவிட்டு வெட்டலாம். சேலையில் தரையில் உரசிய கீழ்ப்பகுதி பெரும்பாலும் நைந்திருக்கும். அடுத்து, இரண்டு கட்டைவிரல்களையும் அருகருகே வைத்து நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் அழுத்தி இழுங்கள். மெல்லிய சத்தத்தோடு இழை விட்டால் அந்தத் துணிக்கு வயதாகிவிட்டது, விட்டுவிடுங்கள். மூன்றாவது, சாயச் சோதனை. ஒரு வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து அடர்நிறத் துணியின்மேல் வைத்துச் சூடான இஸ்திரிப்பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தச் சிவப்போ நீலமோ நாளை பக்கத்துச் சதுரத்திலும் ஏறும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று பலரும் சொல்வார்கள். கடையில் வாங்கிய துணியில் எனக்கு அது ஒருமுறைகூடப் பலித்ததில்லை. தண்ணீர் தெளியும்வரை அலசுவதுதான் வழி. தெளியவில்லையென்றால் வேறு துணி.

புதுத்துணி வாங்குவதாக இருந்தால் பச்சை வழித்தட மெட்ரோவில் ஏறிச் சிக்பேட்டையில் இறங்குங்கள். நிலையத்தைவிட்டு வெளியே வந்தால் துணிக்கடைகள்தான். கூட்டம் பிடிக்காதவர்களுக்குக் கமர்ஷியல் தெரு, மல்லேஸ்வரம் எட்டாவது குறுக்குத் தெரு, ஜெயநகர் நான்காம் பிளாக் இருக்கின்றன. 44 அங்குல அகலத் துணியில் ஒரு வரிசைக்கு ஆறு சதுரம் கிடைக்கும். 18 சதுரத்துக்கு மூன்று வரிசை, அதாவது அரை மீட்டர். ஒன்று தவறாக வெட்டப்பட்டாலும் சமாளிக்க முக்கால் மீட்டராக வாங்குங்கள். இதைவிட நல்ல வழி உங்கள் தெருத் தையற்காரரிடம் வெட்டுத் துணி கேட்பது. எங்கள் தையற்காரர் பருத்தித் துண்டுகளைத் தனிப் பையில் போட்டுவைத்து மாதம் ஒருமுறை கொடுக்கிறார். பதிலுக்கு அவர் மேசைக்கு ஒரு சிறு குயில்ட் தைத்துக் கொடுத்தேன்.

பழையதோ புதியதோ, வெட்டுவதற்கு முன் துவைத்தே ஆக வேண்டும். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது இந்த வேலைக்கு அப்படியே பொருந்தும். புதிய பருத்தி முதல் சலவையில் மீட்டருக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர்கூடச் சுருங்கும். துவைக்காத புதுத்துணியைப் பழைய சேலையோடு தைத்தால், சுருங்கும்போது பழையதைத் தன் பக்கம் இழுத்துச் சுருக்கிவிடும். வங்காளத்தின் காந்தா தையலுக்குப் பெயர் தந்த வடசொல்தான் நம் ‘கந்தை’ என்ற சொல்லுக்கும் மூலம். பழந்துணியை அடுக்கித் தைக்கும் பழக்கம் எவ்வளவு பரவலானது என்பதற்கு இந்தச் சொல்லே சாட்சி.

வெட்டுதல்

தினசரிக் காலண்டரின் கெட்டி அட்டையில் சரியாக 6½ அங்குலச் சதுரம் ஒன்று வெட்டுங்கள். மூலைமட்டம் வைத்துக் கோணத்தைச் சரிபார்த்து, ஓரங்களில் செல்லோடேப் ஒட்டிவிடுங்கள்; இல்லாவிட்டால் பத்து முறை வரைந்ததும் அட்டையின் ஓரம் தேயும். தைத்து முடித்தபின் ஒவ்வொரு சதுரமும் 6 அங்குலமாகத் தெரியும். மிச்ச அரை அங்குலம் இரு பக்கத் தையலுக்குள் போய்விடும்.

அட்டையின் ஓரம் துணியின் இழையோடு நேராகப் படிய வேண்டும். இழை எந்தத் திசையில் ஓடுகிறது என்று தெரியவில்லையானால் ஓரத்தில் சிறிதாக வெட்டிக் கிழித்துப் பாருங்கள். பருத்தி இழையோடுதான் கிழியும். இழைக்குக் குறுக்கே சாய்வாக வெட்டிய சதுரம் தைக்கும்போது ரப்பர்போல நீளும். சேலையின் கரையையும் ஜரிகையையும் முதலிலேயே நீக்கிவிடுங்கள். அவற்றின் நெருக்கமான நெசவில் கைத்தையல் ஊசி ஏறாது. துணிக்கென்று ஒரு கத்தரிக்கோலைத் தனியே வைத்து, வீட்டில் யாரும் அதனால் காகிதம் வெட்டாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். உருளும் பிளேடு வைத்த கட்டரும் அதற்கான பாயும் வேலையை வேகமாக்கும். அவற்றை மூன்றாவது குயில்ட்டின்போது வாங்கினால் போதும்.

வெட்டிய சதுரங்களைக் கட்டிலில் ஆறுக்கு ஆறாகப் பரப்பிச் செல்பேசியில் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று எடுத்துப் பாருங்கள். நிறத்தில் வேறுபட்டாலும் அடர்த்தியில் ஒன்றாக இருக்கும் துணிகளை அந்தப் படம் உடனே காட்டிக்கொடுக்கும். எனக்குப் பிடித்த கிளிப்பச்சையும் ஆரஞ்சும் படத்தில் ஒரே சாம்பலாகத் தெரிந்தபோதுதான், போர்வை ஏன் மங்கலாக இருந்தது என்று புரிந்தது.

கால் அங்குலம்

எல்லாத் தையலும் துணியின் ஓரத்திலிருந்து கால் அங்குலத்தில் போக வேண்டும். கொஞ்சம் கூடினால் என்ன என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கால் அங்குலத்துக்குப் பதிலாக அரைக்கால் அங்குலம் கூடுதலாக உள்ளே தள்ளித் தைத்தால், ஒவ்வொரு இணைப்பிலும் இரு பக்கமும் சேர்த்துக் கால் அங்குலம் குறையும். ஒரு வரிசையில் ஐந்து இணைப்புகள். 36½ அங்குலம் வரவேண்டிய வரிசை 35¼ ஆகிவிடும். ஒரு வரிசை சரியாகவும் அடுத்தது குட்டையாகவும் இருந்தால் இரண்டையும் எப்படிப் பொருத்துவீர்கள்?

இதற்கு எளிய வழி உண்டு. தையல் இயந்திரத்தின் ஊசியிலிருந்து கால் அங்குலம் வலப்பக்கம் அளந்து, அடித்தட்டில் செல்லோடேப்பை ஏழெட்டு அடுக்காக ஒட்டுங்கள். அது சிறு சுவர்போல நிற்கும். துணியின் ஓரத்தை அந்தச் சுவரில் உரசவிட்டுத் தைத்தால் தையல் விலகாது. சரிபார்க்க, 2½ அங்குல அகலமுள்ள மூன்று பட்டைகளைப் பக்கம் பக்கமாகத் தைத்து இஸ்திரி போட்டு நடுப்பட்டையை அளந்து பாருங்கள். சரியாக 2 அங்குலம் இருந்தால் நீங்கள் தயார். எங்கள் வீட்டில் இருப்பது காலால் மிதிக்கும் பழைய கறுப்பு இயந்திரம்தான். நேர்த்தையல் மட்டும் போடும். குயில்ட்டுக்கு அதற்குமேல் தேவையில்லை. ஊசி 14 ஆம் எண், அங்குலத்துக்குப் பத்துத் தையல், பருத்தி நூல். இயந்திரம் இல்லாதவர்கள் பென்சிலால் கால் அங்குலக் கோடு போட்டுக் கையால் ஓட்டுத்தையல் தைக்கலாம். நான்கைந்து தையலுக்கு ஒருமுறை பின்னோக்கி ஒரு தையல் போட்டு இறுக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு சதுரங்களின் நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்துத் தைத்து, ஆறு ஆறாக ஆறு வரிசைகள் செய்யுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் எண் எழுதிய தாளைக் குண்டூசியால் குத்திவையுங்கள். பிறகு இஸ்திரி. முதல் வரிசையின் தையல் ஓரங்களையெல்லாம் இடப்பக்கம் சாய்த்தும், இரண்டாவதன் ஓரங்களை வலப்பக்கம் சாய்த்தும் மாற்றி மாற்றி அழுத்துங்கள். வரிசைகளை இணைக்கும்போது எதிரெதிராகச் சாய்ந்த ஓரங்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். மூலைகள் தாமே நேராக வந்து சேரும். அந்தப் பூட்டை விரல்நுனியால் உணர்வது இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த கணம். இஸ்திரிப்பெட்டியைத் தூக்கி வைத்து அழுத்துங்கள், சட்டைக்குத் தேய்ப்பதுபோல் இழுக்காதீர்கள்; இழுத்தால் சதுரம் கோணும்.

மூன்று அடுக்கு

மேற்பரப்பை அழகாக முடித்துவிட்டுப் பலரும் இங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். தரையில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை, இடம் வேண்டும், ஒரே மூச்சில் முடிக்கவும் வேண்டும். வீட்டில் எல்லோரும் எழுவதற்குமுன் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

அடித்துணிக்கு 40 அங்குலச் சதுரம் வேண்டும். கரை நீக்கிய பின்னும் 40 அங்குல அகலம் நிற்கும் சேலையானால் ஒட்டே இல்லாமல் கிடைத்துவிடும். நடு அடுக்குக்கு நான்கு முழ வேட்டி. இரண்டாக மடித்தால் 39 அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக வரும். இரண்டு மடிப்பும் சேர்ந்து இந்த ஊர்க் குளிருக்குச் சரியான கனம் தரும். உள்ளே வைப்பதற்கென்று விற்கும் பாலியெஸ்டர் பஞ்சுத் தாள் உப்பலாக இருக்கும், ஆனால் உடம்புக்குப் புழுக்கமாக இருக்கிறது. தளர்ந்த பஞ்சை வைத்தால் மிக நெருக்கமாகத் தைக்க வேண்டும், இல்லாவிட்டால் சலவையில் உருண்டை உருண்டையாகத் திரளும். பழைய கம்பளியை உள்ளே வைக்கவே வேண்டாம். ஒருமுறை வைத்தேன்; வெந்நீர்ச் சலவையில் கம்பளி மட்டும் சுருங்கி, மேலே பருத்தி முழுவதும் அலை அலையாக நின்றது. மேலே இருப்பது பருத்தியானால் உள்ளேயும் அடியிலும் பருத்தியே இருக்கட்டும்.

அடித்துணியை நல்ல பக்கம் தரையைப் பார்க்க விரித்து, நான்கு புறமும் தரையோடு டேப் போட்டு ஒட்டுங்கள். விறைப்பாக இழுக்க வேண்டாம், சுருக்கமில்லாமல் இருந்தால் போதும். தரை ஓடுகளின் இணைப்புக் கோடு நேராக இருக்கும். துணியின் ஓரத்தை அதோடு பொருத்திக்கொள்ளுங்கள். அதன்மேல் வேட்டி, அதன்மேல் மேற்பரப்பு. நடுவிலிருந்து வெளிப்புறமாக உள்ளங்கையால் நீவிவிட்டு, கை அகலத்துக்கு ஒன்றாக ஊக்குகள் குத்துங்கள். ஒரு சதுரத்துக்கு இரண்டு வீதம் எழுபது எண்பது ஊக்குகள் ஆகும். ஊக்குக்குப் பதிலாக நீளத் தையலாக நூலோட்டியும் வைக்கலாம். கையால் தைப்பவர்களுக்கு அதுதான் வசதி, ஊக்கில் நூல் சிக்காது.

கைத்தையல்

முதல் குயில்ட்டின் இந்தக் கட்டத்தைக் கையால் செய்யுங்கள் என்பேன். இயந்திரத்தில் அடித்துணி ஒரு வேகத்திலும் மேல்துணி ஒரு வேகத்திலும் நகர்ந்து சுருக்கம் விழும். அதைத் தடுக்க, இயந்திரத்தில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம் தனி வகையாக வேண்டும். கைக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஒவ்வொரு சதுரத்திலும் ஓரத் தையலிலிருந்து 1½ அங்குலத்தில் ஒரு கோடும், 4½ அங்குலத்தில் ஒரு கோடும் சுண்ணக்கட்டியால் போடுங்கள். போர்வை முழுவதும் 3 அங்குல இடைவெளியில் 12 கோடுகள் வரும். ஒரு மாலைக்கு ஒரு கோடு. குக்கரின் மூன்று விசிலுக்குள் எனக்குக் கால் கோடு முடியும்.

நடுக்கோட்டில் தொடங்கி வெளியே வாருங்கள். நூலின் முடிச்சை மேல்துணி வழியாக மெல்லச் சுண்டி இழுத்தால் அது உள்ளே வேட்டிக்குள் போய் மறைந்துகொள்ளும். ஊசியை அசைத்து மூன்று நான்கு தையல்களை ஒன்றாக ஏற்றி இழுங்கள். அங்குலத்துக்கு ஆறு தையல் வந்தால் நல்ல தொடக்கம். சிறிதாக வருவதைவிட ஒரே அளவாக வருவது முக்கியம். ஊசியைத் தள்ளும் விரலுக்கு உலோக உறை மாட்டிக்கொள்ளுங்கள். முதல் வாரம் இடைஞ்சலாக இருக்கும், இரண்டாம் வாரம் அது இல்லாமல் தைக்க முடியாது. அவ்வப்போது திருப்பிப் பார்த்து, எல்லாத் தையலும் அடித்துணியைப் பிடித்திருக்கிறதா என்று கவனியுங்கள்.

கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் எல்லாபூர், ஹளியாள், முண்டகோடு பகுதிக் காடுகளின் ஓரமாக வாழும் சித்தி இனத்துப் பெண்கள் இதை நேர்மாறாகச் செய்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். அவர்களுடைய போர்வைக்குக் கவண்டி என்று பெயர். பழைய சேலையை அடியில் விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, பழந்துணித் துண்டுகளை ஓரம் மடித்து வைத்துத் தைத்துக்கொண்டே நான்கு புறமும் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருகிறார்கள். அளவு அட்டை இல்லை, முன்கூட்டி இணைப்பதும் இல்லை. இணைப்பும் தையலும் ஒரே வேலை. கடைசியில் மூலைகளில் மடித்த துணியால் சிறு முக்கோணங்களை வைக்கிறார்கள். அவற்றுக்குப் ‘பூலா’ என்று பெயர், பூ என்று பொருள். பூலா இல்லாத கவண்டி அவர்களுக்கு முடிந்த போர்வை ஆகாது. சதுரம் வெட்டும் கணக்கு உங்களுக்கு ஒத்துவராது என்றால் இந்த முறையில் தொடங்குங்கள். கைத்தையல் மட்டும் தெரிந்தால் போதும்.

விளிம்பு

மூன்று அடுக்கையும் மேற்பரப்பின் ஓரத்தோடு சமமாக வெட்டுங்கள். 2½ அங்குல அகலப் பட்டைகளை இணைத்து 155 அங்குல நீளம் செய்து, நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போடுங்கள். நேரான ஓரத்துக்கு நேர்ப்பட்டையே போதும். கிராஸ் பீஸ், அதாவது இழைக்குச் சாய்வாக வெட்டிய பட்டை, வளைவுகளுக்குத்தான் வேண்டும். மடிக்காத ஓரத்தைப் போர்வையின் மேல்பக்க ஓரத்தோடு சேர்த்துக் கால் அங்குலத்தில் தையுங்கள். மூலைக்குக் கால் அங்குலம் முன்பே நிறுத்தி, பட்டையைச் சாய்வாக மேலே மடித்து, பிறகு நேராகக் கீழே இறக்கி, அடுத்த ஓரத்தைத் தொடருங்கள். பின்புறம் திருப்பிக் கையால் ஒளித்தையல் போட்டால் விளிம்பு முடிந்தது. பின்புற மூலையில் பெயரையும் ஆண்டையும் நூலால் எழுதிவிடுங்கள்.

துவைத்தலும் பழுதும்

தண்ணீரில் ஊறவைக்காமல், முறுக்கிப் பிழியாமல் துவைக்க வேண்டும். நனைந்த போர்வையை ஒரே கயிற்றில் தொங்கவிட்டால் எடை முழுவதும் ஒரு மடிப்பில் இறங்கும். இரண்டு கயிறுகளின்மேல் படுக்கையாகப் போடுங்கள். பெங்களூரில் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும், ஆகவே காலையிலேயே போட்டுவிடுவது நல்லது. பிளாஸ்டிக் பையில் வைக்காமல் பழைய வேட்டியில் சுற்றி, ஒரு துண்டு வசம்போடு வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி மடித்தால் ஒரே கோட்டில் நையாது.

சில ஆண்டுகளில் ஏதாவது ஒரு சதுரம் நைந்துபோகும். அதைப் பிரித்தெடுக்க வேண்டாம். அதே வயதுள்ள, அதே கனமுள்ள துணியில் ஒரு துண்டை ஓரம் மடித்து மேலே வைத்து, சுற்றிலும் கையால் தைத்து, கீழடுக்குவரை இரண்டு கோடு ஓட்டிவிடுங்கள். எங்கள் எதிர்வீட்டு அஜ்ஜி (கன்னடத்தில் பாட்டி) வட கர்நாடகத்தின் தார்வாட்டுக்காரர். அவர் ஊரில் இந்தப் போர்வையைக் கௌதி என்பார்கள். அவருடைய கௌதியின் ஓரத்தை விரலால் பிடித்துப் பார்த்தால் உள்ளே இன்னொரு தையல் வரிசை நெருடும். அவருடைய தாயார் தைத்த கௌதி முழுவதும் நைந்தபோது அதைத் தூக்கிப்போடாமல், நடு அடுக்காக வைத்து, மேலும் கீழும் தம் சேலைகளைப் போட்டுத் தைத்திருக்கிறார்.